ஐந்தரை மணி நேர வித்தியாசம்

கம்ப்யூட்டரில் நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால் அதைச் சில்லறைப் புகார் என்று தள்ளிப் போடாதீர்கள். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த, உலோகம் வார்க்கிற ஃபவுண்டரியில் அப்படி ஒரு புகார் வந்தது. எல்லோரும் அதைச் சில்லறையாகத்தான் நினைத்தோம். அந்த விவகாரம் முடிந்தபோது எங்கள் லேபில் இருந்த மிக நல்ல கெமிஸ்ட் வேலையை விட்டுப் போயிருந்தார். அவரோடு எப்போதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் கேன்டீனில் தனி மேஜை தேட ஆரம்பித்திருந்தார்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் ஆள். மோட்டார், பேனல், கிரேன், ஃபர்னஸுக்குப் போகிற கேபிள், இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆபீசில் மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வர ஆரம்பித்தது. கரண்டில் ஓடுகிற சாமான் என்ற ஒரே காரணத்துக்காக அதையும் என் தலையில் கட்டினார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கிற உங்களைப் போல அதற்கென்று படித்தவன் கிடையாது. பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டதுதான்.

கதை இரண்டு பேரைப் பற்றியது. முதலாமவர் இஸ்மாயில், லேப் கெமிஸ்ட். பழவேற்காட்டுக்காரர். அங்கே கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கிற குடும்பம். அண்ணன்கள் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எங்கள் கம்பெனிக்கு வந்தார். கல்யாணம் ஆனதும் பொன்னேரியில் வாடகைக்கு வீடு எடுத்தார். இரண்டாமவர் தாமோதரன், பொன்னேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். அச்சுக்குள் உருகிய உலோகம் எந்த வழியாக ஓட வேண்டும், எந்த இடம் முதலில் இறுகும், எங்கே ஓட்டை விழும் என்று கணக்குப் போடுகிற என்ஜினியர்.

இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். பொன்னேரியில் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் ஏறுவார்கள். இஸ்மாயில் வீட்டு இறால் தொக்கும் தாமோதரன் வீட்டு இட்லியும் கவரப்பேட்டை தாண்டுவதற்குள் காலியாகிவிடும். அந்த ரயிலிலேயே நாஷ்டாவை முடித்துவிட்டுத்தான் கம்பெனிக்குள் நுழைவார்கள். தாமு, இஸ்மாயிலு என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள். கம்பெனியில் வேறு யாரையும் அவர்கள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இஸ்மாயிலின் வேலை எவ்வளவு பொறுப்பானது என்று சொல்லிவிடுகிறேன். ஃபர்னஸில் உலோகம் உருகியதும் ஒரு கரண்டி மொண்டு, சின்ன வில்லையாக வார்த்து லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அவர் அதை மெஷினில் வைத்துப் பார்த்து, கார்பன் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு, ஊற்றலாம் என்பார். அதற்குப் பிறகுதான் அச்சில் ஊற்றுவார்கள். ஊற்றிய பிறகு திருத்த முடியாது. அதனால் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்வரை வார்க்கிற ஷாப் மொத்தமும் கொதிக்கிற உலோகத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். யாராவது அவசரப்படுத்தினால், மெஷின் சொல்லட்டும் என்று மட்டும் சொல்வார். பார்த்து முடித்ததும் கம்ப்யூட்டரிலிருந்து சர்டிபிகேட் எடுப்பார். அதில் தேதியும் நேரமும் தானாக அச்சாகும். வில்லையில் நம்பர் வெட்டி அலமாரியில் வரிசையாக அடுக்கி வைப்பார்.

தாமோதரன் அந்தச் சமயத்தில் எங்கிருந்தோ ஒரு புது புரோகிராம் கொண்டுவந்தார். அவர் படித்த காலேஜ் பேராசிரியர் கொடுத்தது. உலோகம் அச்சுக்குள் இறுகுவதைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். வார்த்து உடைத்துப் பார்க்கிற செலவு மிச்சம். அது விண்டோஸில் ஓடாது, லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். அதைத் தாங்குகிற பெரிய கம்ப்யூட்டர் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, இஸ்மாயிலின் லேபில். தனியாக இன்னொன்று வாங்க மேனேஜ்மென்ட் சம்மதிக்கவில்லை. சென்னையிலிருந்து டீலரின் ஆள் வந்து, அதே பெட்டியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார். சுவிட்ச் போட்டால் எது வேண்டும் என்று கேட்கும். காலையில் இஸ்மாயில் விண்டோஸில் வேலை பார்ப்பார். மதியத்துக்கு மேல் ஃபர்னஸ் அணைந்ததும் தாமோதரன் லினக்ஸில் உட்காருவார். தன் லேபில் இன்னொருவர் உட்காருவது இஸ்மாயிலுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உட்காரப்போவது தாமு என்பதால் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

சில நாட்களில் இஸ்மாயில் ஒன்றைக் கவனித்தார். காலையில் விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் பின்தங்கி நிற்கிறது. வேலை ஆரம்பிக்கிற நேரத்தில் இன்னும் விடியாத நேரம் காட்டுகிறது. சரி செய்துவிட்டு வேலையைப் பார்த்தார். மறுநாளும் அப்படியே. என்னிடம் சொன்னார். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும் என்று டீலருக்கு போன் போட்டேன். அவர்கள் வந்து பேட்டரியை மாற்றினார்கள். நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். பேட்டரி மாற்றிய பிறகும் பழைய கதைதான் என்று இஸ்மாயில் தன்னுடைய குவாலிட்டி மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அது என் காதுக்கு வரவில்லை.

இதே சமயத்தில் தாமோதரனுக்கும் ஒரு தொல்லை. மதியம் அவர் லினக்ஸைத் திறந்தால் கடிகாரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே வெயில் அடிக்கும்போது உள்ளே இரவு. அவரும் சரி செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். ஒருநாள் சரி செய்ய மறந்து, பாதி வேலையில் நினைவு வந்து மாற்றியிருக்கிறார். நேரம் குழம்பியதில் அந்த புரோகிராம் பழைய வரைபடத்தையே புதியது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிட்டது. அந்தக் கணக்கை நம்பிச் செய்த அச்சு வீணாயிற்று. அவர் போய் அவருடைய புரொடக்‌ஷன் மேலதிகாரியிடம் சொன்னார். அதுவும் என் காதுக்கு வரவில்லை. ஒரே கம்ப்யூட்டரைப் பற்றிய இரண்டு புகார்கள் இரண்டு வேறு அறைகளில் தங்கிவிட்டன.

இஸ்மாயில் முதலில் நல்ல விதமாகத்தான் கேட்டார். தாமு, அந்தக் கடிகாரத்தைத் தொடாதே என்று ரயிலில் சொல்லியிருக்கிறார். நான் சரியாக வைத்துவிட்டுத்தானே போகிறேன், நீதான் எதையோ செய்கிறாய் என்று தாமோதரன் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் சொன்னது உண்மை. இரண்டு பேரும் மற்றவர் பொய் சொல்வதாக நினைத்தார்கள்.

ஒரு சாயங்காலம் இஸ்மாயில் வேண்டுமென்றே கூட நின்று பார்த்தார். தாமோதரன் கடிகாரத்தைச் சரியாக வைத்தார், பெட்டியை அணைத்தார், இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். மறுநாள் காலை இஸ்மாயில்தான் முதலில் போய்த் திறந்தார். மறுபடியும் விடியாத நேரம். அன்றைக்கு இஸ்மாயில் தன் விண்டோஸுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டார். மனைவியின் பெயர். மறுநாளும் நேரம் மாறியிருந்தது. அவர் மனைவியின் பெயர் தாமுவுக்குத் தெரியாதா? வேறு யாருக்கும் தெரியாத ஒரு வார்த்தையை வைத்தார். அப்போதும் மாறியிருந்தது. அதோடு அவருக்கு முடிவாகிவிட்டது. லினக்ஸ் வழியாகத் தன் பூட்டை உடைத்து தாமு உள்ளே வருகிறான், தன்னை அசடாக்கி வேடிக்கை பார்க்கிறான். தாமோதரனுக்கோ வேறு நினைப்பு. லேபில் நான் உட்காருவது இவனுக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை, என்னை விரட்டுவதற்குத்தான் தினமும் இந்த வேலை செய்கிறான் என்று.

ரயிலில் வேறு வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தார்கள். பார்த்த நாங்கள், ஏதோ குடும்ப விஷயமாக இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று பேசிக்கொண்டோம்.

அப்புறம்தான் இஸ்மாயில் அந்தக் காரியத்தைச் செய்தார். அத்தனை ஒழுங்கான மனிதர் கோபத்தில் செய்தது. காலையில் கடிகாரத்தைச் சரி செய்வதை விட்டுவிட்டார். தப்பான நேரத்தோடேயே சர்டிபிகேட் வெளியே போகட்டும், ஆபீஸே பார்க்கட்டும், பார்த்தால்தான் அந்த லினக்ஸைத் தூக்கி எறிவார்கள் என்று இருந்துவிட்டார். ஒரு வாரம் போல அப்படிப் போயிற்று. ஆபீசில் ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தவர் வெளியாள். எங்களிடம் வால்வு வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். சரக்கு பெட்டியில் அடைத்து லாரி ஏறத் தயாராக இருந்தது. சர்டிபிகேட்டுகளையும் ஃபர்னஸ் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், ஃபர்னஸ் பற்ற வைப்பதற்கு எத்தனையோ மணி நேரம் முன்னாலேயே ரிப்போர்ட் அச்சாகியிருக்கிறதே, உருகாத இரும்பை எப்படி டெஸ்ட் செய்தீர்கள் என்று கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும். மெஷினில் வைக்காமலேயே ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வால்வுகள் கொதிநீராவி போகிற குழாய்களில் மாட்டப்படுபவை. மொத்த சரக்கும் நின்றது.

ஒர்க்ஸ் மேனேஜர் தன் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார். இஸ்மாயில், தாமோதரன், இன்ஸ்பெக்டர். கம்ப்யூட்டர் சமாசாரம் என்பதால் நானும். லேபை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசலாமே என்று நுழையும்போதே மேனேஜரிடம் சொன்னேன். முதலில் இவர்கள் பேசட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

இஸ்மாயில் நிமிர்ந்து நின்றுதான் பேசினார். டெஸ்ட் எல்லாம் ஒழுங்காக நடந்தது, நேரம்தான் தப்பு என்றார். காலையில் வந்து பார்த்தால் கடிகாரம் தினமும் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், அதை மாற்றுவது யார் என்று தனக்குத் தெரியும் என்றார். யார் என்று மேனேஜர் கேட்டார்.

"பூட்டின ஊட்டுக்குள்ள பூந்து கை வெக்கிறவனுக்கு இன்னா பேரோ, அந்தப் பேருதான் சார்."

பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தாமோதரனின் முகம் கறுத்துப்போயிற்று. நான் எதையும் மாற்றவில்லை, போன வாரம்வரை நான் திறக்கும்போதெல்லாம் அது ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சரி செய்துவிட்டுத்தான் போனேன் என்று சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவர் ஐந்தரை மணி நேரம் பின்னால் என்கிறார், ஒருவர் ஐந்தரை மணி நேரம் முன்னால் என்கிறார். அந்த இரண்டு புகாரும் ஒரே அறையில் பேசப்படுவது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிறு வயதிலிருந்தே சிற்றலை வானொலி கேட்கிற பழக்கம். வெளிநாட்டு நிலையங்கள் கிரீன்விச் நேரத்தைச் சொல்லும். நம் நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வேன். அந்தக் கணக்கல்லவா இது என்று மனதுக்குள் கூட்டியும் கழித்தும் பார்க்க ஆரம்பித்தேன்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷத்தில்தான் எல்லாம் நடந்து முடிந்தது. இன்ஸ்பெக்டர் இஸ்மாயிலிடம், டெஸ்ட் செய்யாமல் ரிப்போர்ட் கொடுக்கிற வழக்கம் இங்கே உண்டா என்று கேட்டார். இஸ்மாயிலுக்கு அந்தக் கேள்வியே அவமானம்.

"என் கைலேந்து அந்த மாதிரி ஒரு காயிதம் கூட வெளிய போனதில்ல சார்."

தாமோதரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணு போச்சு. அன்னிக்கு நான் கூட இருந்தேன்."

மேனேஜர் என்னவென்று கேட்டார். தாமோதரன் சொன்னார். சொல்ல ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது என்பது போலச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் ஃபர்னஸ் ஊற்றத் தயாராக இருக்கும்போது, இஸ்மாயிலின் மனைவி கர்ப்பமாக இருக்கையில் மாடிப்படியில் விழுந்துவிட்டதாக போன் வந்தது. இஸ்மாயில் முந்தின உருக்கின் முடிவையே எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார். அவரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் தாமோதரன்தான். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் கொடுத்ததும் அவர்தான். அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. மறுநாளே இஸ்மாயில் வந்து எடுத்து வைத்திருந்த வில்லையை டெஸ்ட் செய்து பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல், ரயிலில் தாமோதரனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். தாமோதரன் அதை அந்த நாள்வரை யாரிடமும் சொன்னதில்லை.

மேனேஜர் இஸ்மாயிலைப் பார்த்து, இது உண்மையா என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராலும் நிரூபித்திருக்க முடியாது.

"உண்மைதான் சார். நான் மறந்துட்டிருந்தேன். அவன் மறக்கல."

அதன் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். லேபுக்குப் போகலாம், கம்ப்யூட்டரைக் காட்ட வேண்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் என்னோடு வந்தார். விண்டோஸைத் திறந்து, கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு சரி வைத்தேன். அணைத்தேன். எதையும் தொடாமல் லினக்ஸைத் திறந்தேன். ஐந்தரை மணி நேரம் முன்னால் போயிருந்தது. அங்கே சரி வைத்து அணைத்துவிட்டு, மறுபடி விண்டோஸைத் திறந்தேன். ஐந்தரை மணி நேரம் பின்னால் வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே ஒருமுறை செய்து பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு சின்னக் கடிகாரம் பேட்டரியில் ஓடுகிறது. விண்டோஸ் அதைப் பார்த்து, இது இந்த ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதையே பார்த்து, இது கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைத் தானாகக் கூட்டிக் காட்டும். லினக்ஸில் நாம் சரி செய்தால், பெட்டியை அணைக்கும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துத்தான் உள்ளே எழுதி வைக்கும். ஒருவர் சரி செய்வது மற்றவருக்குத் தப்பாகிவிடும். இரண்டு பேரும் எவ்வளவு ஒழுங்காகச் சரி செய்தார்களோ, அவ்வளவு ஒழுங்காக மறுநாள் தப்பு வந்தது. பாஸ்வேர்டு எதையும் யாரும் உடைக்கவில்லை. அந்தச் சின்னக் கடிகாரம் பாஸ்வேர்டுக்கு வெளியே இருக்கிறது. லினக்ஸில் ஒரே ஒரு வரி. உள்ளே இருப்பது கிரீன்விச் நேரமா என்பதற்கு ஆமாம் என்று எழுதியிருந்தது. அதை இல்லை என்று மாற்றினேன். அதற்கப்புறம் அந்தப் பெட்டியை ஓரங்கட்டும்வரை அதில் நேரம் தப்பியதே இல்லை.

இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். அலமாரியில் இருந்த வில்லைகளை எடுத்துத் தன் கண் முன்னால் மறுபடி டெஸ்ட் செய்யச் சொன்னார். ஒன்றுகூட மாறவில்லை. சரக்கு லாரி ஏறியது. மேனேஜர் என் தோளில் தட்டிக் கொடுத்தார். ஆனால் இன்ஸ்பெக்டர் தான் காதால் கேட்டதைக் கேட்காததாக எழுத முடியாது என்றார். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் மாற வேண்டும் என்று அவர்கள் கம்பெனியிலிருந்து சொல்லிவிட்டார்கள். இஸ்மாயிலை வேறு பிரிவுக்கு மாற்றலாமா என்று மேனேஜர் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே அவர் ராஜினாமாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

அவர் கிளம்புகிற அன்று லேபுக்குப் போனேன். வில்லைகளை நம்பர் வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் உட்கார்ந்து கடிகார விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப அவன் பூந்து மாத்தலையா சார்?"

இல்லை என்றேன். அவரும் சரியாகத்தான் வைத்தார், நீங்களும் சரியாகத்தான் வைத்தீர்கள் என்றேன். கையிலிருந்த வில்லையை அதன் வரிசையில் வைத்தார். அப்புறம் சொன்னார்.

"நாலு பேர் எதிர்ல அவன இன்னா பேரு சொல்ட்டேன் பாத்தீங்களா."

தாமோதரன் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று எல்லோரிடமும் கைகொடுத்து விடைபெற்றுக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் தாமோதரன் இல்லை. ஷாப்பில் ஏதோ வேலை என்று உள்ளேயே இருந்துவிட்டார். பின்னால் நான் அவரிடமும் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். புரிந்துகொள்ள அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கெட்டிக்காரர். தெரிந்ததும், இது முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் அவர் உட்காரவே இல்லை. கணக்கையெல்லாம் பழையபடி காகிதத்தில் போட ஆரம்பித்தார். தனியாகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறோம் என்று மேனேஜ்மென்ட் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரே பெட்டியில் இரண்டு சிஸ்டம் போடும்போது அந்தக் கடிகாரத்தை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று முதல் நாளே பாருங்கள். அது சின்ன விஷயம், இப்போது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைவிட முக்கியமானது வேறு. இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் பொய்யன் என்று சொன்னால், இரண்டு பேரும் உண்மை பேசுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு ஒருமுறை யோசியுங்கள். அப்படி யோசித்தால் கண் தானாக மெஷின் பக்கம் திரும்பும். அதுவரை அவர்களை நேருக்கு நேர் நிறுத்த யாரையும் விடாதீர்கள். மேனேஜர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அரை மணி நேரம் அவகாசம் கேளுங்கள். மெஷின் எப்போது வேண்டுமானாலும் உண்மையைச் சொல்லும், அதற்கு அவசரமில்லை. மனிதர்கள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சரியான கணக்கால் சரக்கைக் காப்பாற்ற முடிந்தது, அவ்வளவுதான்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துச் சொந்த வேலையாகப் பழவேற்காடு போயிருந்தேன். கடைத்தெருவில் இஸ்மாயில் அண்ணன்களோடு கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ வரவழைத்தார். வலை முடிச்சுகளை எண்ணிக்கொண்டே லேபைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். புது கெமிஸ்ட் வில்லைகளைப் பத்திரமாக வைக்கிறாரா, மெஷினுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் செய்கிறார்களா என்றெல்லாம். நான் கிளம்புகிற சமயத்தில், தாமுவின் பெண் காலேஜில் சேர்ந்துவிட்டதா என்று கேட்டார். சேர்ந்துவிட்டது என்றேன். கெமிஸ்ட்ரியா என்றார். ஆமாம் என்றேன். நல்லது என்று தலையை ஆட்டினார்.

எனக்கு ஒரு ஆசை வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாமோதரனை அழைத்துக்கொண்டு வரட்டுமா என்றேன். அவர் டீ கிளாஸ்களை எடுத்து ஓரமாக வைத்தார்.

"வேணாம் சார். வந்தா ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிக்கினு இருப்போம். அவன் எழுந்து போனப்புறம்தான் அந்த ரூம்ல பேசினது ஞாபகம் வரும். ரெண்டு பேருக்கும்."

நான் திரும்பி வந்து தாமோதரனிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. உங்கள் பெண்ணைப் பற்றி விசாரித்தார் என்று மட்டும் சொன்னேன். அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், நாங்கள் இருவரும் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம், தாமோதரன் தானாகவே சொன்னார். இஸ்மாயில் விசாரித்ததாக நான் சொன்ன அந்த வாரமே பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினாராம். கடைத்தெரு வரைக்கும் நடந்து போனாராம். எதிர்ச் சாரியில் நின்று பார்த்தபோது இஸ்மாயில் உள்ளே கயிறு அளந்துகொண்டிருந்தது தெரிந்ததாம். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டாராம்.

அவ்வளவு தூரம் போய் ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன்.

"கடைல நாலு பேர் இருந்தாங்க சார்" என்றார்.